சீர் செஞ்சாச்சு, பங்கு எதுக்கு?

கருமாதி முடிந்து, சொந்தக்காரர்கள் பஸ் ஏறிப் போன பிறகுதான் பெரியண்ணன் பேச்சை எடுப்பார். "நாளைக்குக் காலையில ரிஜிஸ்தர் ஆபீஸ் வரைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போயிடும்மா. ஒரே ஒரு கையெழுத்து. ஆதாரும் ரெண்டு போட்டோவும் எடுத்துக்கோ." தங்கச்சி போவார். ஆவண எழுத்தர் முந்தின நாளே டைப் அடித்து வைத்திருப்பார். யாரும் படித்துக் காட்ட மாட்டார்கள். மேலே தலைப்பில் "விடுதலைப் பத்திரம்" என்று இருக்கும். உள்ளே எங்கேயோ ஒரு வரியில், தன் பாகத்துக்கு ஈடான தொகையை ரொக்கமாக ஏற்கனவே பெற்றுக்கொண்டதாகவும், இனி தனக்கோ தன் வாரிசுகளுக்கோ எந்தப் பாத்தியமும் கிடையாது என்றும் அவரே சொல்வதாக எழுதியிருக்கும். வாசலில் அண்ணன் ஒரு காபி வாங்கிக் கொடுப்பார். அவ்வளவுதான்.

பெண்ணியம் என்று பேச்செடுத்தாலே துப்பட்டா, இரவு வேலை, யார் சமைப்பது என்று போகிறோம். அதெல்லாம் பேச வேண்டியதுதான். ஆனால் "இப்பல்லாம் ரெண்டு பேரும் சமம்தானே", "உரிமை வேணும், கடமை வேணாமா?", "இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு", "சட்டம் பூரா பொம்பளைங்க பக்கம்" என்று வரிசையாக வரும் வாதங்கள் எவ்வளவு தேறும் என்று பார்க்க, சார்பதிவாளர் அலுவலகத்தைவிட நல்ல இடம் கிடையாது. இங்கே சமத்துவம் சென்ட் கணக்கில் அளக்கப்படுகிறது.

முதலில் கணக்கு. பூர்வீக நிலம் 4 ஏக்கர், அதாவது 400 சென்ட். அப்பா, அம்மா, ஒரு மகன், இரண்டு மகள்கள். பாகம் பிரிக்கவில்லை, அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இது 1980இல் நடந்திருந்தால் சட்டம் இப்படிப் பிரித்திருக்கும்: பிறப்பால் பங்குள்ளவர்கள் அப்பாவும் மகனும் மட்டும், ஆளுக்கு 200. அப்பாவின் 200 அவருடைய வாரிசுகள் நால்வருக்கும் சமமாக 50, 50. ஆக மகனுக்கு 250 சென்ட், ஒவ்வொரு மகளுக்கும் 50, அம்மாவுக்கு 50. இதே மரணம் இன்று நடந்தால் பிறப்பால் பங்குள்ளவர்கள் நான்கு பேர்: அப்பா, மகன், இரண்டு மகள்கள். ஆளுக்கு 100. அப்பாவின் 100 நான்காகப் பிரிந்து 25, 25. பிள்ளைகள் மூவருக்கும் தலா 125, அம்மாவுக்கு 25.

அம்மாவின் எண்ணைக் கவனித்தீர்களா? 50 இருந்தது 25 ஆகிவிட்டது. பிறப்பால் வரும் பங்கில் மகள்களுக்குச் சமம் கொடுத்த அதே சட்டத் திருத்தம் விதவைத் தாயின் பங்கைப் பாதியாக்கியது. பிறப்பால் பங்கு என்ற பழைய அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குள் மகளை உட்கார வைத்ததால் வந்த வினை. கேரளம் 1976இல் அந்த அமைப்பையே எடுத்துவிட்டது, அது இதைவிட நேரான வழி என்பது என் எண்ணம்.

நிலம் அப்பா சம்பாதித்து வாங்கியது என்றால் கணக்கு இன்னும் சுலபம். நால்வருக்கும் தலா 100 சென்ட். அப்பாவின் தாய், அதாவது பாட்டி, உயிரோடிருந்தால் ஐந்து பங்கு, தலா 80. இது நேற்று வந்த சட்டமல்ல. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. சுய சம்பாத்தியத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு என்பது ஏறக்குறைய எழுபது வருட விஷயம். அதுவும் சும்மா வரவில்லை. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாமல் இழுத்தடிக்கப்பட்டதில் மனம் நொந்துதான் அம்பேத்கர் 1951இல் அமைச்சர் பதவியை விட்டார்.

மேல்நாட்டுச் சரக்கு என்கிறவர்களுக்கு ஒரு ஊர்ப் பெயர்: செங்கல்பட்டு. 1929 பிப்ரவரியில் அங்கே நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பூர்வீகச் சொத்தில் அது சட்டமாக அறுபது வருடம் ஆயிற்று. தமிழ்நாட்டின் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. டெல்லி அதே வேலையை 2005 செப்டம்பர் 9இல்தான் செய்தது.

இந்த 1989 தேதிதான் இன்றைக்கும் கிராமத்துப் பஞ்சாயத்துகளில் அதிகம் தவறாகச் சொல்லப்படுவது. "உனக்கு 89-க்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சு, பங்கு கிடையாது." தமிழ்நாட்டுத் திருத்தத்தில் அப்படி ஒரு கோடு இருந்தது உண்மை. அந்தத் தேதிக்கு முன் மணமான மகள்களை அது விலக்கியது. ஆனால் 2005 மத்தியத் திருத்தத்தில் திருமணத் தேதிக்கு இடமே இல்லை. அதன் பிறகும், 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் சில ஆண்டுகள் ஓடியது. 2015இல் உச்ச நீதிமன்றமே வேண்டும் என்றது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, மகளின் பங்கு பிறப்பால் வருவது, அப்பா அந்தத் தேதியில் இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று முடித்து வைத்தது. ஆக, மகள் பிறந்தது 1955ஆக இருக்கட்டும், மணமானது 1975ஆக இருக்கட்டும், பூர்வீகம் இன்னும் பிரிபடாமல் இருந்தால் பங்கு உண்டு.

விதிவிலக்கு ஒன்றுதான் முக்கியம்: 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகமாகியிருந்தாலோ, விற்றுப் போயிருந்தாலோ அதைக் கலைக்க முடியாது. முறையாக என்றால் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம் அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை. "அப்பவே ஊர்ப் பெரியவங்க முன்னாடி கூர்சீட்டு எழுதிட்டோம்" என்று மடித்த தாள் ஒன்றைக் காட்டினால் அது அத்தனை எளிதில் நிற்காது. வாய்மொழிப் பாகத்தைப் பொது ஆவணங்களின் ஆதாரத்தோடு நிரூபித்தாலொழிய ஏற்க வேண்டியதில்லை என்று அதே 2020 தீர்ப்பு சொல்கிறது.

இன்னொரு பக்கத்துக் குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் பூர்வீகம் என்று சொல்வதெல்லாம் சட்டத்தில் பூர்வீகம் ஆகாது. தாத்தா தன் உழைப்பில் வாங்கி, 1956க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்து, அப்பாவுக்கு வந்த நிலம் அப்பாவின் தனிச் சொத்து. அதில் பேரனுக்கும் பிறப்பால் பங்கு இல்லை, பேத்திக்கும் இல்லை. அப்பா உயிரோடிருக்கும்போது அவரைக் கேள்வி கேட்க முடியாது. தனிச் சொத்து முழுவதையும் ஒரே பிள்ளைக்கு உயில் எழுதவும், உயிரோடிருக்கும்போதே எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்ட் எழுதவும் அவருக்கு உரிமை உண்டு. மகள் என்ற காரணத்தை மட்டும் வைத்து அதை உடைக்க முடியாது. "பெண்ணுரிமைச் சட்டம் அப்பனோட கையைக் கட்டிப்போட்டுடுச்சு" என்பது இதனால்தான் தப்பு. கை கட்டப்படவேயில்லை. மகள்கள் பங்கிழப்பதற்கு விடுதலைப் பத்திரத்துக்கு அடுத்த பெரிய வழியே அப்பா எழுதும் செட்டில்மெண்ட்தான்.

இதுவரை சொன்னது இந்துக்களுக்கு. கிறிஸ்தவக் குடும்பத்தில் உயில் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமின்றிச் சமம். திருவிதாங்கூரின் பழைய சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது என்று வைத்திருந்தது. மேரி ராய் 1986இல் உச்ச நீதிமன்றத்தில் வென்று அதை முடித்தார். இஸ்லாமியச் சட்டத்தில் மகளுக்கு மகன் பங்கில் பாதி. ஆக "எல்லாருக்கும் எல்லாமும் சமம் ஆயிடுச்சு" என்பது ஏட்டளவில்கூட முழு உண்மை இல்லை. நிலத்தில் இன்னும் மோசம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நிலத்தைத் தன் பொறுப்பில் வைத்துப் பயிர் செய்பவர்களில் பெண்கள் நாடு முழுக்கச் சேர்த்து ஏறத்தாழ 14 சதவீதம். களை எடுப்பதும் நாற்று நடுவதும் யார் என்று வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, சீருக்கு வருவோம். "அவளுக்குத்தான் முப்பது பவுன் போட்டு, வண்டி வாங்கிக் குடுத்து, கல்யாணம் பண்ணிக் குடுத்தோமே" என்ற வாதத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். பல வீடுகளில் அந்தக் கல்யாணக் கடனை அண்ணன்தான் அடைத்திருப்பார். அந்த வலி உண்மை. ஆனால் கணக்காகப் பாருங்கள். மண்டபம், சாப்பாடு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தது எதுவும் மகள் கையில் சொத்தாக நிற்கவில்லை. பவுன் அவர் பேரில் இருந்தாலும் புகுந்த வீட்டில் முதல் நெருக்கடியில் அடகுக் கடைக்குப் போவது அதுதான். மாப்பிள்ளை வீடு கேட்டு வாங்கியது 1961 சட்டப்படி வரதட்சணை, அதாவது குற்றம். குற்றமாகக் கைமாறிய பணத்தைக் காட்டி மகளின் பங்கைக் கழிக்க எந்தச் சட்டத்திலும் வழி இல்லை. அண்ணனின் கல்யாணச் செலவை யாரும் அவர் பங்கில் கழிப்பதும் இல்லை.

உண்மையில் சீர் வேலை செய்வது வேறு விதத்தில். காது குத்து, பூப்பு நீராட்டு, கல்யாணம், வளைகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தாய்மாமன் தட்டு வந்தால்தான் தங்கச்சிக்குப் புகுந்த வீட்டில் மரியாதை. புருஷன் அடித்தால் வந்து கேட்க ஆள் வேண்டும், குழந்தைகளோடு வந்து பத்து நாள் இருக்க ஓர் இடம் வேண்டும். அந்தக் காப்பீட்டுக்கு அவர் கட்டும் பிரீமியம்தான் அந்தக் கையெழுத்து. ஐம்பது லட்சம் பெறும் நிலத்தை விட்டுக்கொடுத்து, வருடம் ஒரு பொங்கல் சீரையும் திறந்த கதவையும் வாங்கிக்கொள்கிறார். ஏமாந்தவர் என்று அவரை மட்டமாகப் பேசும் படித்த பெண்ணியம் எனக்குப் பிடிப்பதில்லை. அவர் நிலைமையை நன்றாகவே எடைபோட்டிருக்கிறார். வீம்புக்காரர் என்று அண்ணனை மட்டும் திட்டுவதிலும் பயனில்லை. பங்கு கேட்டால் அறுந்துபோகும் உறவாக அதை வைத்திருக்கும் ஏற்பாடுதான் கோளாறு. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டால் யாரும் உறவு முறிந்தது என்று சொல்வதில்லை, வரப்புப் போட்டுக்கொண்டு அடுத்த தீபாவளிக்கு ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள்.

கடமையைக் கேட்பவர்களுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2005 திருத்தம் மகளுக்கு மகனுக்குள்ள அதே உரிமைகளோடு அதே பொறுப்புகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. நிலத்தின் மேல் கூட்டுறவு வங்கிக் கடன் இருந்தால் அது அவர் பங்குக்கும் சேர்த்துத்தான். வருமானம் இல்லாத தகப்பனுக்கு மணமான மகளும் ஜீவனாம்சம் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1987இலேயே சொல்லிவிட்டது. 2007 மூத்த குடிமக்கள் சட்டம் "பிள்ளைகள்" என்பதில் மகளையும் சேர்க்கிறது. கோட்டாட்சியரிடம் மனு போனால் மாதம் 10,000 ரூபாய் வரை மகளுக்கும் உத்தரவு வரும். அம்மாவின் நகை மகளுக்குத்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதும் வழக்கம் மட்டுமே. உயில் இல்லாமல் அம்மா இறந்தால் நகையிலும் மகனுக்கும் கணவருக்கும் சமபங்கு உண்டு. சமம் என்றால் இரண்டு பக்கமும் வெட்டத்தான் செய்யும்.

இனி நடைமுறை. எங்கே தவறுகிறது என்பதை வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று இடம்.

முதலாவது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டு, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வருவது. கல்யாணமானதும் மகளின் பெயரை அப்பா வீட்டு ரேஷன் கார்டிலிருந்து எடுத்துவிடுகிறோம் அல்லவா, விண்ணப்பத்தோடு அந்தக் கார்டை வைத்து "வாரிசுகள் இவ்வளவுதான்" என்று கொடுத்துவிடுகிறார்கள். அப்பா இறந்த சில வாரங்களுக்குள் மகளே விசாரித்துக்கொள்வது நல்லது. பெயர் விட்டுப்போயிருந்தால் வட்டாட்சியரிடம் ஆட்சேபணை, அதற்கு மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. இந்தச் சான்றிதழ் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

இரண்டாவது பட்டா. அண்ணன் பேருக்குப் பட்டா மாறிவிட்டது, எல்லாம் போச்சு என்று பலர் கைவிடுகிறார்கள். பட்டா வருவாய்த்துறைப் பதிவு, அதனால் மட்டும் யாரும் முழு உரிமையாளர் ஆகிவிட முடியாது. பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு மூன்றையும் அரசின் இணையதளத்தில் சர்வே எண்ணை வைத்துப் பார்க்கலாம். கூடவே பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்று, அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். முடிந்தவரை பின்னோக்கிய காலத்துக்குப் போட்டுப் பாருங்கள். அப்பா எப்போதாவது செட்டில்மெண்ட் எழுதியிருந்தால் அங்கேதான் தெரியும்.

மூன்றாவது அந்தக் கையெழுத்து. பத்திரத்தின் தலைப்பை முதலில் படியுங்கள். பாகப்பிரிவினை என்றால் உங்களுக்கு எது, எத்தனை சென்ட், எந்த நான்கெல்லை என்று அட்டவணையில் இருக்க வேண்டும். விடுதலை என்றால் உங்கள் கையை விட்டுப் போகிறது. பொது அதிகாரப் பத்திரம், அதாவது உங்கள் சார்பில் இன்னொருவர் செயல்பட நீங்கள் கொடுக்கும் 'பவர்' என்றால் இன்னும் ஜாக்கிரதை. "உன் பேருக்கு எழுதினா செலவு ஜாஸ்தி" என்பார்கள். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை, விடுதலை, செட்டில்மெண்ட் மூன்றுக்கும் சலுகை விகிதம்தான்: முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையிலிருந்து இந்த வரம்பு. பாகப்பிரிவினையில் பங்கு வாரியாகக் கணக்கிடுவதால் கொஞ்சம் கூடும், அதற்காக நிலத்தை விட வேண்டியதில்லை.

மனமுவந்து விட்டுக்கொடுப்பதும் உரிமைதான். அப்படியானால் தொகை வங்கி வழியாக வரட்டும், பரிமாற்ற எண்ணைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள், "ரொக்கமாகப் பெற்றேன்" என்ற வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். அப்பா உயிரோடிருக்கும்போதே அவருடைய தனிச் சொத்துக்கு விடுதலை எழுதித் தருவது அடிப்படையில் செல்லாது, வராத உரிமையை எப்படி விடுவது? ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு எழுதியவர் பின்னால் மறுத்தால் நீதிமன்றம் ஏற்பது கடினம். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அது தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். "போன வருஷம்தான் தெரியும்" என்பதை நிரூபிப்பதும் உங்கள் தலையில்தான் விழும்.

பேசித் தீரவில்லையென்றால் பாகப்பிரிவினை வழக்கு. நிலம் கூட்டு அனுபவத்தில் இருக்கிறது என்றால் நீதிமன்றக் கட்டணம் சிறிய நிலையான தொகை. உங்களை அனுபவத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டார்கள் என்று நீங்களே மனுவில் எழுதினால் பங்கின் சந்தை மதிப்பில் சதவீதக் கணக்காகிவிடும். கோபத்தில் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு லட்சக் கணக்கில் விலை. முதல்நிலைத் தீர்ப்பாணை எத்தனை பங்கு என்று சொல்லும். அதோடு வென்றாகிவிட்டது என்று நின்றுவிடுகிறவர்கள் உண்டு. வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு வந்து அளந்து, கிணறும் பாதையும் யாருக்கு என்று வரைபடம் போட்டு, இறுதித் தீர்ப்பாணை வந்தால்தான் வரப்புப் போட முடியும்.

கடைசியாக, "சட்டம் பூரா பொம்பளைங்க பக்கம்". இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். பிள்ளையில்லாத ஆண் உயில் இல்லாமல் இறந்தால் மனைவிக்கும் தாய்க்கும் சொத்து போகும். பிள்ளையில்லாத விதவை தானே சம்பாதித்து வாங்கிய வீட்டை விட்டு இறந்தால் அது முதலில் போவது செத்துப்போன கணவனின் வாரிசுகளுக்கு. பெற்ற தாய் தகப்பன் அதற்குப் பிறகுதான். நாராயணி தேவி என்பவர் திருமணமான மூன்று மாதத்துக்குள் கணவனை இழந்து, புகுந்த வீட்டால் விரட்டப்பட்டு, தாய் வீட்டில் படித்து, வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம் அவர் இறந்த பின் கணவனின் அக்காள் தங்கை வழிப் பிள்ளைகளுக்கே போய்ச் சேர்ந்தது. 2009இல் உச்ச நீதிமன்றம், பரிதாபமாக இருக்கிறது, ஆனால் சட்டம் இதுதான் என்று கைவிரித்தது.

இதற்கு இப்போதைக்கு உள்ள ஒரே மருந்து உயில். வேலைக்குப் போகும் பெண்கள், பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எழுதி வைத்துவிடுவது நல்லது. வெள்ளைத் தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்துத் தாங்களும் கையெழுத்திட வேண்டும். சொத்து யாருக்குப் போகிறதோ அவர் சாட்சியாக இருக்க வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் செய்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் நாமினி போட்டிருக்கிறேனே என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்கும் ஆள் மட்டும், வாரிசு வேறு. சாட்சிகளை உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். உயில் நீதிமன்றம் ஏறும் நாளில் இருவரில் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல இருக்க வேண்டும்.